ஸ்டீபன் கிங்கின் ‘டான்ஸ் மகாப்ர்’: செய்தியிலிருந்து கதைக்கு

கதைக்கரு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங், திகில் கதைகளையும் படங்களையும் பற்றி எழுதி 1981இல் வந்த இந்தக் கட்டுரை நூலைத்தான். ஆரம்பமே ஆளைப் பிடித்துவிடும். 1957 அக்டோபர், பத்து வயது கிங் தியேட்டரில் பறக்கும் தட்டுப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது படத்தை நிறுத்திவிட்டு மேலாளர் வந்து, ரஷ்யர்கள் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிவிட்டார்கள் என்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது, கொள்ளைநோயில் உலகமே அழிவதைச் சொல்லும் அவருடைய ‘தி ஸ்டாண்ட்’ நாவல் பிறந்த கதை. 1974இல் பாட்டி (Patty) ஹர்ஸ்ட் என்ற பணக்கார வீட்டு இளம்பெண் கடத்தப்பட்டதை வைத்து நாவல் எழுத வாரக்கணக்கில் முட்டி மோதியும் நகரவில்லை. அப்புறம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரசாயன ஆயுதக் கசிவால் ஆடுகள் செத்த பழைய செய்தி நினைவுக்கு வர, காற்று மட்டும் ஊர்ப்பக்கம் வீசியிருந்தால் என்ற யோசனையிலிருந்து அவ்வளவு பெரிய நாவல் கிளம்பிவிட்டது. இந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை.

டிவி பற்றிய அத்தியாயம் ரொம்பக் கறார். மனம்விட்டுப் பாராட்டுவது ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ என்ற 1960களின் அறிவியல் புனைவுத் தொடரைத்தான். பழைய அமெரிக்கத் தொடர்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடங்களில் எனக்குப் பொறுமை போய்விட்டது, தாண்டித்தான் படித்தேன். சரி, அது பரவாயில்லை. நாவல் எழுத உட்கார்ந்து பாதியில் நிற்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள்.