கூகுளில் முதலில் வரும் மரண அறிவித்தலை நம்பாதீர்கள்

வெளிநாட்டில் உறவினர் ஒருவர் காலமானதாகக் கேள்விப்பட்டு அவர் பெயரைக் கூகுளில் தேடப் போகிறவர்கள், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

டொரொன்டோவில் எங்கள் பெரியப்பா காலமானபோது, பிள்ளைகள் அறிவித்தலை எழுதி முடிப்பதற்குள்ளேயே ஒரு தளத்தில் அவருடைய ‘மரண அறிவித்தல்’ வந்துவிட்டது. பேரன் முகநூலில் போட்ட படம், ஆங்கிலத்தில் நாலு பந்தி. வீதி விபத்தில் உயிரிழந்தாராம்! பெரியப்பா மாரடைப்பால் வைத்தியசாலையில் இறந்தவர். சாவகச்சேரியில் இருக்கும் அத்தைக்கு யாரோ அதை வாசித்துக் காட்டிவிட்டார்கள். அண்ணன் தெருவில் அடிபட்டுச் செத்தார் என்று நம்பி அவர் விடியும்வரை கதறினார். போன பணத்தைவிட இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பணமும் போனது. மலர்வளையம் அனுப்ப, மெழுகுவத்தி ஏற்ற என்று அந்தப் பக்கத்தில் விற்பனை வேறு. கட்டாரில் வேலை செய்யும் மச்சான் மலர்வளையத்துக்குக் கார்டில் பணம் கட்டினார். உடல் வைக்கப்பட்டிருந்த மலர்ச்சாலைக்கு ஒரு பூக்கூட வரவில்லை. கிரியையை நேரலையில் பார்க்கலாம் என்று முகநூலில் வந்த இன்னோர் இணைப்பும் கார்டு இலக்கம் கேட்டது. நல்லவேளையாக, அது குடும்பத்தின் இணைப்பு அல்ல, நேரலைக்குக் கட்டணமே கிடையாது என்று அண்ணா உடனே எல்லோருக்கும் அறிவித்துவிட்டார்.

கனடாவில் இது புதிதல்ல. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிவித்தல்களைக் குடும்பங்களின் அனுமதியின்றி எடுத்துப்போட்டு, பூவும் மெழுகுவத்தியும் விற்ற ஒரு நிறுவனம் 2 கோடி டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டுமென்று 2019இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை மீறல் வழக்கு அது. இப்போது இவர்களுக்குத் திருடுவதற்கு அறிவித்தல்கூட வேண்டியதில்லை. முகநூலில் நாலு அனுதாப வரி கிடைத்தால் மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு (AI) இட்டுக்கட்டிவிடுகிறது.

நம்முடைய அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர்மார், பேரப்பிள்ளைகள், பார்வைக்கு வைக்கும் நேரம், தகனம், கடைசியில் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று தொலைபேசி இலக்கங்கள். நீளம் என்று இளையவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த உறவுப் பட்டியல் எங்களிடம் வந்த போலியில் ஒரு வரிகூட இல்லை. அழைத்துக் கேட்க ஓர் இலக்கமும் இல்லை. இலக்கம் இருந்தால் அழையுங்கள். பூ அனுப்புவதென்றால் குடும்பத்திடம் மலர்ச்சாலையின் பெயரைக் கேட்டு, நேரே அங்கேயே பேசுங்கள்.

மச்சான் கார்டை முடக்கி, அந்தக் கட்டணத்தை ஏற்க முடியாதென்று வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். படத்தை எடுத்தவன் பேரன் என்பதால், அவன் பெயரிலேயே கூகுளுக்குப் பதிப்புரிமை முறைப்பாடு போயிருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் நீங்கவில்லை.