அப்பப்பாவின் பிஸ்டல் உறையும் வவுனியாவில் ஒரு பழைய சாமான் கடையும்

வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சந்து. தையல் கடைக்கும் பூட்டுத் திருத்துகிறவருக்கும் நடுவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் நடத்துகிறார். நாணயம், முத்திரை, பழைய விளக்கு என்று அடுக்கி வைத்திருக்கிறார். பரம்பரைச் சாமான் எதையாவது கொண்டுபோனால் அது என்ன, என்ன பெறும் என்று பார்த்துச் சொல்வார். மூன்று தடவை போனேன். கட்டணம் 2,000 ரூபா. கொடுத்த காசுக்கு நிறையவே கிடைத்தது.

நான் கொண்டுபோனது ஒரு பிஸ்டல் உறை. சாம்பல் நீல நிறம், தடித்த கன்வஸ், பித்தளைக் கொளுக்கி. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வவுனியா விமானத்தளத்தில் அப்பப்பா கூலி வேலை செய்தார். வெள்ளைக்காரர் போகும்போது ஒரு பிஸ்டலைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது எங்கள் வீட்டுக் கதை. பிஸ்டலை அப்பப்பா 1972இலேயே பொலிசில் ஒப்படைத்துவிட்டார். உறை மட்டும் தங்கிவிட்டது. வீடு வீடாகத் தேடிய சுற்றிவளைப்பு நாட்களில் அப்பம்மா அதை இலவம் பஞ்சுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். அந்தத் தலையணையில் நான் வருடக்கணக்காகப் படுத்திருக்கிறேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது நெஞ்சு படபடத்தது. இங்கே வளர்ந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

ஐயா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சாமான் எங்க?" பிஸ்டலை ஒப்படைத்தபோது பொலிசில் கொடுத்த பற்றுச்சீட்டை நீட்டினேன். உறையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தக் கடுதாசியைத்தான் முதலில் பூதக்கண்ணாடியால் படித்தார். அன்றைக்கு எழுதிய பொலிஸ்காரர் கவனமான மனுசன். பிஸ்டலின் வலப்பக்கம் வெட்டியிருந்த எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்: என்ஃபீல்ட், நம்பர் 2, மார்க் 1, பக்கத்தில் ஒரு நட்சத்திரம், 1941. அந்த நட்சத்திரத்தில் விரலை வைத்து ஐயா விளக்கத் தொடங்கினார்.

அது ஆறு குண்டு போடும் ரிவோல்வர். நடுவில் மடித்துத் திறப்பது. நம்பர் 2 மாடலை பிரிட்டிஷ் படை ஏற்றது 1932இல். ஆகவே "முதலாம் உலக யுத்தத்துப் பிஸ்டல்" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தது அத்தோடு போயிற்று. நட்சத்திரம் போட்ட மாடல் 1938இல் வந்தது. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பெருவிரலால் இழுக்கப் பின்னால் நீட்டியிருக்கும் கொம்பை அதில் எடுத்துவிட்டார்கள். டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு அது எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பது காரணம். ஒவ்வொரு வெடிக்கும் விசையை முழுதாக இழுத்தே சுட வேண்டும்.

பிறகுதான் உறைக்கு வந்தார். மூடியின் உட்பக்கம் டோர்ச் அடித்துக் காட்டினார். மங்கலான கறுப்பு மையில் எம்.ஈ.கோ. என்ற எழுத்துகள், 1941, ஓர் அம்புக்குறி. மில்ஸ் எக்விப்மென்ட் கம்பனி செய்தது, அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தின் அடையாளம், சாம்பல் நீலம் விமானப்படையின் நிறம். 1944இல் 22ஆவது ஸ்குவாட்ரன் வவுனியாவில்தான் இருந்தது, போஃபைட்டர் விமானங்களோடு. "உங்கட வீட்டுக் கதை பொருந்துது. ஆனா இந்த உறையும் அந்தப் பிஸ்டலும் ஒண்டா வந்ததெண்டு நான் எழுதித் தரமாட்டன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஏனென்றால் அதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு கடைக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தேன். எதையும் பார்க்காமலே ஒரு லட்சம் பெறும் என்றார்கள். நேரில் போனால் 3,000 தருகிறோம், சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொண்டு வா என்றார்கள். ஐயா அதைக் கேட்டுப் பதறிப்போனார். கழுவினால் அந்த மை போய்விடும், மை போனால் அது வெறும் துணிப்பை.

அவர் சொன்ன விலை 12,000 முதல் 15,000 ரூபா வரை. பற்றுச்சீட்டைப் பிரிக்காமல் சேர்த்துக் கொடுத்தால் மேலும் கொஞ்சம். விற்க அனுமதி வேண்டுமா என்றும் கேட்டேன். தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைப் பற்றியது, இது அதற்குள் வராது என்றார். பிஸ்டலே இருந்திருந்தால் விலை பேசவே இடமில்லை, அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கை இந்த நாட்டில் வைத்திருக்க முடியாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

குறையும் உண்டு. இரண்டாம் தடவை போனபோது கடை பூட்டிக் கிடந்தது, போனும் எடுக்கவில்லை. அவர் தரும் ஒரு பக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. அப்பம்மாவுக்கு 87 வயது, அதை யாருக்குக் காட்டுவது? மூன்றாம் தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐயா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். எல்லாம் கேட்டு முடித்த அப்பம்மா, "அந்தப் பொலிஸ்காரப் பொடியன்ர எழுத்து வடிவு" என்றார்.

போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கடுதாசி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.