பத்து டன் ஹீட் பம்ப், மைனஸ் 20-ல் எத்தனை டன்?

ஒன்டாரியோவில் கடை, மண்டபம், சின்ன அலுவலகம் நடத்துபவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஹீட் பம்ப் என்பது கரண்டில் ஓடி, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தரும் மெஷின். கூரைமேல் இருக்கும் கேஸ் யூனிட்டைக் கழற்றிவிட்டு "பத்து டன் ஹீட் பம்ப் போடுங்கள், கேஸ் பில்லே வராது" என்று கொட்டேஷன் நீட்டினால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: வெளியே மைனஸ் 20 இருக்கும்போது இது எத்தனை கிலோவாட் சூடு தரும்?

பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பத்து டன் கோடைக்கால எண். வெளியே 35 டிகிரி இருக்கும்போது குளிரூட்டும் திறன், சுமார் 35 கிலோவாட். சூட்டுக்கென்று விவரத்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது 8.3 டிகிரியில் அளந்தது. டொராண்டோவில் அது ஏப்ரல் மத்தியானம். அதே தாளில் மைனஸ் 8.3-க்கு இன்னொரு எண் சின்னதாக இருக்கும். ஒற்றை வேகக் கம்ப்ரஸர் என்றால் அது முதல் எண்ணில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். மைனஸ் 20-க்குப் பெரும்பாலும் எண்ணே போட்டிருக்க மாட்டார்கள். சில யூனிட்களில் அந்தக் குளிரில் கம்ப்ரஸர் ஓடவே ஓடாது.

குறைகிற சூட்டை உள்ளே இருக்கும் மின்கம்பி ஹீட்டர் நிரப்பிவிடும். ஏமாற்று வெளியே தெரியாமல் போவது இதனால்தான். அறை கதகதப்பாக இருக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டில் இரண்டு யூனிட் சூடு தரும் இடத்தில், ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். விஷயம் பில் வரும்போதுதான் தெரியும். 50 கிலோவாட்டுக்கு மேல் போகும் வணிக இணைப்பென்றால் மாத உச்சத்துக்கும், அதாவது அந்த மாதம் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்சக் கரண்டுக்கும், கட்டணம் உண்டு. ராத்திரி தெர்மோஸ்டாட்டை 15-க்கு இறக்கி, காலையில் ஒரேயடியாக 21-க்கு ஏற்றினால், ஹீட்டர் முழுதாகப் பாய்ந்து அந்த உச்சத்தை எழுதிவிட்டுப் போகும்.

வேலையையும் பெரும்பாலும் அக்டோபரில் முடித்துவிடுகிறார்கள். குளிரே இல்லாத நாளில் ஓட்டிக் காட்டினால் எதுவும் சரியாகத்தான் ஓடும். கம்ப்ரஸரோடு ஹீட்டரும் சேர்ந்து எரியும்படி தெர்மோஸ்டாட் வயர் போட்டிருப்பது, வெளி வெப்பநிலை பார்த்து ஹீட்டரை எரியாமல் பூட்டும் செட்டிங்கைத் தொடாமலே விடுவது, இரண்டும் அன்றைக்குக் கண்ணில் படாது.

நீங்களே பிடிக்கலாம். வெளியே 4, 5 டிகிரி இருக்கும் நாளில் தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி மட்டும் ஏற்றுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து ஹீட்டருக்குப் போகும் வயரில் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) மாட்டச் சொல்லுங்கள். 600 வோல்ட் மூன்று பேஸில் 30 கிலோவாட் ஹீட்டர் எரிந்தால் ஏறக்குறைய 29 ஆம்பியர் காட்டும். டிஃப்ராஸ்ட் (வெளியே படியும் உறைபனியை யூனிட் தானே கரைக்கும் சுற்று) ஓடாத நேரத்தில் அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

கூரைக்கும் ஏறிப் பாருங்கள். காயிலில் (வெளிக்காற்றின் சூட்டை எடுக்கும் குழாய்த் தொகுதியில்) வெள்ளைப் பூச்சாய் உறைபனி இருந்தால் பயமில்லை, டிஃப்ராஸ்ட் கரைத்துவிடும். அது அதிகம் படிவதும் கடுங்குளிரில் இல்லை, ஈரமான பூஜ்யம் டிகிரிப் பக்கத்தில்தான். காயிலின் அடியில் கண்ணாடி மாதிரி கட்டிப் பனி நின்றால்தான் கோளாறு: உருகிய நீர் இறங்க வழியில்லை. யூனிட்டைக் கூரையோடு ஒட்டி வைத்து, பனி குவிந்து அடைத்திருக்கும். அப்படியே வெளிக்காற்றை உள்ளே விடும் மடலான டேம்பரையும் பாருங்கள். அதை அசைக்கும் லிங்கேஜ் கழன்று திறந்தே கிடந்தால் மைனஸ் 15 காற்று நேரே உள்ளே வரும். கேட்டால் "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி" என்பார்கள்.

ஒப்பந்தத்தில் மைனஸ் 20-ல் டிஃப்ராஸ்ட் இழப்பு கழித்த கிலோவாட், ஹீட்டர் பூட்டும் வெப்பநிலை இரண்டையும் எழுதி வாங்குங்கள். சட்டப்படி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கும் 10 சதவீதத்தை நம்பாதீர்கள். அதன் கெடு 60 நாள். அக்டோபரில் முடிந்த வேலைக்கு, கடுங்குளிர் வருமுன்னே டிசம்பரில் பணம் போய்விடும். ஜனவரிச் சோதனைக்கென்று தனியாக ஒரு தொகையை நிறுத்திவையுங்கள்.