புதிய சர்வரில் எஸ்எஸ்ஹெச்: இயல்பமைப்போடு ஏழு ஆண்டுகள்

லினக்ஸ் இயங்குதளங்களான டெபியனும் உபுன்டுவும் ஓடும் பத்துப் பன்னிரண்டு சர்வர்களை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். புதிதாக ஒன்றை நிறுவியதும் நான் முதலில் திறப்பது, தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புக் கோப்பைத்தான்.

முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவதை, எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் 2015 ஆகஸ்டில் வெளியான 7.0 பதிப்பு இயல்பமைப்பிலேயே நிறுத்திவிட்டது. மற்றப் பயனர்களுக்கு அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதில் பயன்படும் சாவிக் கோப்பு சேர்க்கப்படாத புதிய சர்வரில் உரிமையாளரே வெளியில் நிற்க நேரும் என்பதால், இதை முழுக்கக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாவியைச் சேர்த்த பிறகும் கடவுச்சொல் வழியை மூட மறந்துவிடுவதுதான் ஆபத்து.

மூடிவிட்டதாக நினைத்துக்கொள்வது அதைவிட ஆபத்து. வாடகைக்கு எடுத்த உபுன்டு 22.04 சர்வர் ஒன்றில், முதன்மைக் கோப்பின் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்' வரியை 'நோ' என்று மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக, நுழைவு முயற்சிகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தால், 'ஃபெயில்டு பாஸ்வேர்ட்' என்ற வரி பக்கம் பக்கமாக ஓடியது. கடவுச்சொல் நுழைவு உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்தது. தேடியபோது, வாடகை சர்வரை முதல்முறை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் என்ற நிரல் தானாக உருவாக்கிய, '50' என்று தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்றில் 'யெஸ்' என்றிருந்தது. அந்தக் குட்டிக் கோப்பு இருக்கும் கோப்புறையைச் சேர்த்துக்கொள்ளும் வரி முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது; ஒரே அமைப்பு இருமுறை வந்தால் எஸ்எஸ்ஹெச் முதலில் படித்ததையே ஏற்கும். கடைசியில் எழுதியதே செல்லும் என்று வேறு மென்பொருள்களில் பழகிய எனக்கு இது தலைகீழாகப் பட்டது.

அன்றுமுதல் என் அமைப்புகளை அதே கோப்புறையில், '01' என்று தொடங்கும் கோப்பில் எழுதுகிறேன்; பெயர் வரிசைப்படி அதுவே '50'-க்கு முன்பு படிக்கப்படும். லினக்ஸின் பயனர் சரிபார்ப்பு அமைப்பான பாம் (PAM) வழியாகக் கடவுச்சொல் கேட்கும் 'கீபோர்டு இன்டராக்டிவ்' முறையையும் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். பிறகு 'எஸ்எஸ்ஹெச்டி' கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' (-T) விருப்பத்துடன் இயக்கினால், நடப்பில் உள்ள மதிப்புகள் வரிசையாக வந்துவிடும். பழைய இணைப்பை மூடாமல் இன்னொரு முனையத்தில் நுழைந்து பார்ப்பதை ஒருமுறைகூடத் தவிர்த்ததில்லை.

2024 ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8 பதிப்பு முதல், அந்த மென்பொருள் தொடர்ந்து தோற்கும் முகவரிகளைச் சிறிது நேரம் தானாகவே ஒதுக்கிவைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே ஐபி முகவரி வழியாக வருவதால், ஒருவர் தவறான சாவியோடு மீண்டும் மீண்டும் முட்டியதற்கு மற்றவர்களும் காத்திருக்க நேர்ந்தது. அதற்குப் பிந்தைய பதிப்போடு வரும் டெபியன் 13 நிறுவும் சர்வர்களில், அந்த முகவரியை ஒதுக்கிவைக்காமல் இருக்க விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் இப்போது என் முதல் நாள் வேலையாகிவிட்டது.