மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: ஸ்வாங்க் உணவா, வால்ஸ் உணவா?

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், எந்த உணவும் மருந்துக்கு மாற்றாகாது. ஆயினும் அன்றாட வாழ்வை முடக்கும் சோர்வைத் தணிக்கலாம் என்ற நம்பிக்கையில் பலர் இரண்டு உணவு முறைகளை நாடுகின்றனர்.

நரம்பியல் மருத்துவர் ராய் ஸ்வாங்க் 1940களின் இறுதியில் மொன்றியலில் தொடங்கிய முறை, நிறைவுற்ற கொழுப்பை நாளொன்றுக்கு 15 கிராமுக்குள் நிறுத்துகிறது. தானியமும் பருப்பும் கொழுப்பு நீக்கிய பாலும் இதில் தடையில்லை. 144 நோயாளிகளை 34 ஆண்டுகள் கவனித்த அவர், கொழுப்பைக் குறைத்தவர்களிடம் முடக்கம் மெதுவாகவே வளர்ந்ததாக 1990இல் எழுதினார்; குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அதை உறுதியான சான்றாக நான் கொள்ளவில்லை.

அயோவா பல்கலைக்கழக மருத்துவர் டெரி வால்ஸ், தாமே இந்நோய்க்கு ஆளாகிச் சக்கர நாற்காலியை நம்பியிருந்தவர். அவர் வகுத்த முறை கீரைகளையும் அடர்நிறக் காய்கனிகளையும் இறைச்சி, மீனையும் முன்வைத்து, தானியம், பருப்பு, பால், முட்டை ஆகியவற்றை விலக்குகிறது. சைவ உணவினர் இதில் புரதத்திற்கே வழி தேட நேரும்.

அயோவாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தணிந்து மீண்டும் தாக்கும் வகை நோயுடைய 72 பேர் இவ்விரண்டில் ஒன்றை 24 வாரங்கள் பின்பற்றி முடித்தனர். இரு குழுவிலும் சோர்வு குறைந்தது, வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. வழக்கமான உணவை உண்ட குழு அதிலும் இல்லை. கடைப்பிடிக்க எளிது என்பதால் ஸ்வாங்க் முறையையே முதலில் முயலச் சொல்வேன். வால்ஸ் முறையைத் தேர்பவர் கால்சியம், வைட்டமின் டி அளவுகளை மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.