பாளையங்கோட்டையில் ஒரு கவுன்சலிங் கிளினிக்: தம்பியைக் கூட்டிப்போன அனுபவம்

ஹைகிரவுண்டு பக்கம் மாடியில் இருக்கிற சின்ன மனநல கிளினிக். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற தம்பியின் குடிப்பழக்கத்துக்காகப் போனோம். பெயரைப் போட்டால் தம்பி சண்டைக்கு வருவான், விட்டுவிடுகிறேன்.

முதலில் குறை. வரவேற்பில் இருந்த பெண், ஆட்கள் நிறைந்த வராண்டாவில் "குடிக்கு வந்த தம்பி யாரு?" என்று சத்தமாகக் கேட்டார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கவே போய்விட்டான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். 10 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு உள்ளே போனது பன்னிரண்டே காலுக்கு.

ஆனால் கவுன்சலர் தங்கமானவர். அறிவுரையே கிடையாது. முதலில், குடி எந்த அளவுக்குச் சிக்கல் என்று பார்க்கிற உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' தாள், பத்துக் கேள்வி. 40-க்கு 8 வந்தாலே கவனிக்கணுமாம், இவனுக்கு 17. அப்புறம் கடைசியாகக் குடித்த மூன்று நாளும் பகலில் என்ன நடந்தது என்று கேட்டார். ஒருநாள் அரியர் ரிசல்ட். இன்னொரு நாள் செமினாரில் இங்கிலீஷ் வராமல் பாதியில் உட்கார்ந்திருக்கிறான் (பிளஸ் டூ வரை களக்காட்டில் தமிழ் மீடியம்). மூன்றாவது, வைவாவுக்கு முந்தின ராத்திரி. வீட்டில் 'சும்மா ஜாலிக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கொண்டாட்டத்துக்குக் குடிப்பவனைவிட, பயத்தையும் அவமானத்தையும் அமுக்கக் குடிப்பவன்தான் சீக்கிரம் சிக்கலில் மாட்டுவான் என்றார்.

"ஹாஸ்டல்ல எல்லாரும் குடிக்கானுவக்கா" என்றான். பேனாவைக் கொடுத்து, அவன் மாடியில் தங்கியிருப்பவர்கள் பேரை எழுதச் சொன்னார். பதினாலு பேர். நிஜமாகக் குடிப்பவனுக்கு மட்டும் டிக் போடச் சொன்னால் ஐந்துதான் தேறியது. திரும்ப எண்ணினான், ஐந்துதான். குடிக்கிறவன் சத்தம் போடுவான், குடிக்காதவன் போர்த்திப் படுத்திருப்பான், யார் கண்ணில் படுவான்? ஊரே குடிக்கிறது, நமக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்று ஒவ்வொருவனும் உள்ளுக்குள் நினைப்பது, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 1993-இல் வெளியான ஆய்விலேயே இருக்கிறதாம்.

முதல் தடவை 700 ரூபாய், அடுத்தடுத்து 500. மாணவர்களுக்குச் சலுகை இல்லை, கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் அடுத்த வாரம் தம்பியே பஸ் ஏறி வந்துவிட்டான்.

தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிற பையன் என்றால் இங்கே வராமல் முதலில் டாக்டரிடம் போங்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.