துணையை அமெரிக்கா அழைக்க மூன்று வழி: மும்பையா, ஐ-485ஆ, கே-1ஆ?

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டவருக்கோ செய்துகொள்ளப் போகிறவருக்கோ கிரீன் கார்டு வாங்க மூன்று வழி இருக்கிறது. ஊரில் இருந்தபடியே மும்பை துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, சிஆர்1 என்ற குடியேற்ற விசாவோடு விமானம் ஏறுவது ஒன்று. வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ ஏற்கெனவே அமெரிக்காவில் இருப்பவர், அங்கேயே ஐ-485 என்ற விண்ணப்பப் படிவத்தைப் போட்டு ஸ்டேட்டஸை, அதாவது சட்டப்படி தங்கும் தகுதியை, நிரந்தரக் குடியாளராக மாற்றிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது கே-1. நிச்சயமான நிலையில் விசா வாங்கிப் போய், இறங்கிய 90 நாளுக்குள் அங்கே கல்யாணம் செய்து, அதற்கப்புறம் ஐ-485 போட வேண்டும்.

எல்லாரும் முதலில் கேட்பது "எது சீக்கிரம் முடியும்?" என்றுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். வரிசை நீளம் வருடத்துக்கு வருடம் மாறும், அதை நம்பி முடிவெடுத்து ஏமாந்தவர்கள் நிறைய. காத்திருக்கும் மாதங்களில் நீங்கள் இருவரும் ஒரே ஊரில் இருப்பீர்களா, நடுவில் அப்பா அம்மாவுக்கு ஏதாவது ஆனால் ஊருக்கு வந்துபோக முடியுமா, மறுத்துவிட்டால் யாரிடம் முறையிடுவது, இந்த மூன்றுதான் முக்கியம்.

முதலில் கே-1 கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். இதற்கு மனு போடும் முன் இரண்டு வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கவும் கூடாது. சிக்கலே அங்கேதான். நம் ஊரில் நிச்சயதார்த்தம் என்றால் சும்மா தட்டு மாற்றிக்கொள்வதோடு நிற்கிறதா? மண்டபம், பட்டுப்புடவை, மோதிரம், சில வீடுகளில் மாலை மாற்றுவதுகூட உண்டு. தமிழ்நாட்டில் 1967 திருத்தச் சட்டம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும்படி ஆக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலை போட்டாலோ விரலில் மோதிரம் அணிவித்தாலோகூட அது கல்யாணம்தான் என்கிறது அந்தப் பிரிவு. அப்படியிருக்க, உங்கள் நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டும் அதிகாரி "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே" என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? ஆல்பத்தைக் காட்டினால் கல்யாணம் ஆனவர் போலத் தெரியும், காட்டாவிட்டால் உறவே இல்லாதவர் போலத் தெரியும். போதாக்குறைக்கு, அங்கே போனதும் வேலை அனுமதி அட்டை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், மனு போட்டவரைத் தவிர வேறு யாரையும் கல்யாணம் செய்து அங்கே ஸ்டேட்டஸ் மாற்றவும் முடியாது. செலவும் இதில்தான் அதிகம்.

செலவு என்றதும் கணக்கைப் போட்டுவிடலாம், 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி. மும்பை வழிக்கு, துணைக்காக அமெரிக்கர் போடும் ஐ-130 மனு ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. அப்புறம் விசா விண்ணப்பத்துக்கு 325, ஸ்பான்சர் பத்திரத்துக்கு 120, கிரீன் கார்டு அச்சிட 235. ஆன்லைனில் போட்டால் மொத்தம் 1,305 டாலர். ஐ-485 வழியில் அதே ஐ-130, கூடவே 1,440, ஆக 2,065. வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 சேர்த்தால் 2,955. கே-1க்கு மனு 675, விசா 265, அதற்கப்புறம் ஐ-485க்கு 1,440 என்று 2,380 ஆகிறது, இதிலும் வேலை, பயண அனுமதிகள் தனி. மருத்துவப் பரிசோதனை எல்லா வழிக்கும் வெளிச்செலவு.

இனி மும்பைக்கும் ஐ-485க்கும் நடுவில்தான் உண்மையான போட்டி.

ஐ-485இன் பெரிய பலம், இருவரும் சேர்ந்தே இருக்கலாம். ஒருவர் டல்லஸிலும் இன்னொருவர் தஞ்சாவூரிலுமாகப் பிரிந்து கிடக்க வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே, முறையான ஸ்டேட்டஸோடு அங்கே இருக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 வேலை விசாவும் அவற்றைச் சார்ந்து குடும்பத்தாருக்குக் கிடைக்கும் எச்-4, எல்-2வும் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது, எஃப்-1 மாணவருக்குக் கிடையாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று நள்ளிரவில் போன் வரும்போது இந்த விதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 630 டாலரை மிச்சம் பிடிக்காதீர்கள், ஐ-485 அனுப்பும் நாளிலேயே அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டூரிஸ்ட் விசாவில் கூட்டிவந்து இங்கேயே ஐ-485 போட்டுவிடலாம் என்று யோசனை சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குடியேறும் எண்ணத்தை மறைத்து நுழைந்தது என்று முடிவானால் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகி, வாழ்நாள் தடை வரைக்கும் போகும். தயவுசெய்து வேண்டாம்.

மும்பை வழியில் பிரிந்திருக்கும் காலம் நீளம். ஆனால் இறங்கிய நாளிலேயே நிரந்தரக் குடியாளர் ஆகிவிடுவீர்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் முத்திரை விழுந்ததும் அதுவே ஒரு வருடத்துக்குத் தற்காலிக கிரீன் கார்டு, மறுநாளே வேலைக்குப் போகலாம். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் ஐஆர்1 என்று பத்து வருடக் கார்டே கிடைக்கும். தாண்டாவிட்டால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டு, அது காலாவதியாகும் முன்னான 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும். இந்த இரண்டு வருடக் கணக்கு ஐ-485க்கும் பொருந்தும், அங்கே அனுமதி கிடைத்த நாளை வைத்துப் பார்ப்பார்கள்.

மறுப்பு வந்தால் என்ன ஆகும் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஐ-485 மறுக்கப்பட்டு வழக்கு குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே நீதிபதி முன் அதையே புதுப்பித்துக் கேட்க முடியும். தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றம் பெரும்பாலும் தொடாது. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. எல் சால்வடாரைச் சேர்ந்த கணவரின் விசாவை மறுத்ததை எதிர்த்து வந்த அமெரிக்க மனைவியிடம், வெளிநாட்டுத் துணை உள்ளே அனுமதிக்கப்பட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு அரசியலமைப்பு வழியிலான அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதனால் பழைய விசா மீறலோ போலீஸ் வழக்கோ இருப்பவர் மும்பைக்குப் போகும் முன் நல்ல வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியவர் வெளியே வந்தால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். வெளியே வந்த பிறகுதான் அந்தத் தடை விழும் என்பதால், விமான டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள்.

நேர்காணலும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். மும்பையில் துணை மட்டும் தனியாகக் கண்ணாடி ஜன்னல் முன் நின்று, உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்துப் பேச வேண்டும். பேச்சு சில நிமிடத்தில் முடிந்துவிடலாம், அதனால் முன்கூட்டி ஏற்றிய தாள்கள்தான் பாதி வேலையைச் செய்கின்றன. எப்படி வரன் வந்தது, அவர் எத்தனை நாள் லீவில் வந்தார், கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் யார் வந்தார்கள், அங்கே என்ன வேலை, முன்பு கல்யாணம் ஆனவரா, இப்படித்தான் போகும். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, பதினைந்து நாள் லீவில் தாலி கட்டி முடித்த கல்யாணம் என்றால் அப்படியே சொல்லுங்கள். அதற்கு வெட்கப்பட்டு இல்லாத காதல் கதையைக் கட்டிச் சொல்லி மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. கல்யாணத்துக்கு அப்புறம் உறவு தொடர்கிறது என்று காட்டுவதில் கவனம் வையுங்கள்: அவர் மறுபடி வந்துபோன போர்டிங் பாஸ், மாதாமாதம் போனில் பேசிய விவரம், இன்ஷூரன்ஸில் நாமினியாக உங்கள் பெயர்.

ஐ-485இல் இருவரும் சேர்ந்து அதிகாரியின் மேஜை முன் உட்காருவீர்கள், வக்கீலும் கூட வரலாம். படிவத்தில் உள்ள ஆம்-இல்லை கேள்விகளை வரிசையாகக் கேட்பார், அப்புறம் வாழ்க்கையைப் பற்றி. வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, கார் இன்ஷூரன்ஸ், சேர்ந்து போட்ட வரிக் கணக்கு எல்லாம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வங்கிக் கணக்கைத் திறந்துவைத்து ஒரு பைசாகூடப் புழங்காமல் கொண்டுபோவதில் பயனில்லை, மளிகை வாங்கியதும் கரண்ட் பில் கட்டியதும் அந்த ஸ்டேட்மெண்டில் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுவார்கள், அதற்கு ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று பெயர். விடையை மனப்பாடம் செய்யாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்பதை உண்மையிலேயே நினைவில் வைத்திருந்தால் போதும்.

மூன்று வழிக்கும் பொதுவாக நம் ஆட்களைப் படுத்துவது பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகிவிடும், பிறகு டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் அது துரத்தும். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா, கல்யாணச் சான்றிதழில் கவிதா செந்தில், பிறப்புச் சான்றிதழிலோ பெயரே இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும். பழைய சான்றிதழ்கள் பல இப்படித்தான் இருக்கின்றன, பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்க்கக் கேட்கலாம். கோயிலில் கொடுத்த ரசீதை நம்பாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். மும்பை வழியில் போகிறவர், 16 வயதுக்குப் பிறகு துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும், வர நேரம் பிடிக்கும். இதையெல்லாம் ஐ-130 அனுப்பும் முன்பே சரிசெய்துவிடுங்கள். நேர்காணல் முடிந்து, இன்னும் தாள்கள் வேண்டும் என்று விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, மும்பையில் நின்றபடி திருச்சி மாநகராட்சிக்கு போன் போடும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.